லைபீரியா 2003: மைதானத்தில் உட்கார்ந்த பெண்கள் உண்மையில் என்ன செய்தார்கள்?

தாமரைக்கேணி (கேள்வி)

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சி மாவட்டத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு அரைநாள் பயிற்சி வைக்க வேண்டியிருக்கு. தலைப்பு ‘சமாதான முயற்சிகளில் பெண்களும் ஆயுத மோதலில் பாதுகாப்பும்’. தந்த கையேட்டில் பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானத்துக்கு நாலு பக்கம், மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற லைபீரியாவுக்கு ஒரு சின்னப் பெட்டி. ‘வெள்ளை உடுத்திய பெண்கள் மைதானத்தில் இருந்து பிரார்த்தித்தார்கள், போர் ஓய்ந்தது’ என்பதோடு பெட்டி முடியுது. வரப்போறவை முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்த ஆக்கள். அவைக்கு முன்னால இதை வாசிக்க எனக்கு வாய் வராது.

அந்தப் பெண்கள் எப்படி ஆள் திரட்டினவை, என்ன கேட்டவை, பேச்சுவார்த்தை மண்டபத்தில் நடந்தது என்ன, ஒப்பந்தத்துக்குப் பிறகு அவைக்கு என்ன கிடைச்சது? இதை விவரமாக யாராவது சொல்ல முடியுமா? ‘பாதுகாப்பு’ என்ற பகுதியில் ஒரு கிராமச் சங்கம் கையில் எடுக்கக்கூடிய விசயம் எது என்றும் தெரிந்தால் நல்லது. 1325ஐப் பற்றி வேண்டாம், அது கையேட்டில் தாராளமாக இருக்கு.

கடலோடி

அந்தப் பெட்டியில் காலம் சுருங்கிப்போயிருக்கிறது. பெண்கள் மைதானத்தில் உட்காரத் தொடங்கியது 2003 ஏப்ரலில். உடன்படிக்கை கையெழுத்தானது ஆகஸ்ட் 18. தலைநகர் மன்ரோவியாவின் மேல் மிக மோசமான எறிகணை வீச்சு நடந்ததே இடைப்பட்ட ஜூன், ஜூலையில்தான். பிரார்த்தனை முடிந்ததும் போர் முடிந்தது என்று சொன்னால், அந்த இரண்டு மாதத்தில் செத்தவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

நிலவரம் இது. சார்ல்ஸ் டெய்லர் 1997 தேர்தலில் அதிபரானவர். 1999 முதல் லர்டு என்ற கிளர்ச்சிப் படை வடக்கிலிருந்து இறங்கியது. 2003ல் மோடெல் என்ற இன்னொரு படை தென்கிழக்கில் கிளம்பியது. அந்த ஆண்டு நடுவில் டெய்லர் கையில் மிஞ்சியது தலைநகரும் நாட்டின் நடுப்பகுதியும்தான்.

ஆள் திரட்டியது மைதானத்துக்கு வெகு முன்னால் தொடங்கிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்க அமைதி அமைப்பான வானெப் 2001ல் விப்நெட் என்ற பெண்கள் பிரிவைத் தொடங்கியது. நைஜீரிய வழக்கறிஞர் தெல்மா எக்கியோரின் யோசனை அது. லைபீரியாவில் அதன் ஒருங்கிணைப்பாளர் லேமா போவீ. முதலில் சேர்ந்தவர்கள் தேவாலயப் பெண்கள். அசாட்டு பா கென்னத் என்ற முஸ்லிம் காவல்துறை அதிகாரி ஒருவர் அவர்களின் கூட்டத்துக்கு வந்து, தன் பக்கப் பெண்களையும் திரட்டுகிறேன் என்று எழுந்தார். இரு மதத்தாரும் சேர்ந்தது நல்லிணக்க அலங்காரம் இல்லை. லர்டு படையில் முஸ்லிம் மாண்டிங்கோ இனத்தார் அதிகம். கிறிஸ்தவப் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் ‘டெய்லர் ஆட்கள்’ என்று ஒரு வார்த்தையில் தள்ளியிருப்பார்கள், அப்புறம் லர்டு தலைவர்களைப் போய்ப் பார்க்கவே முடியாது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில், சனிக்கிழமை சந்தையில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என்று முறை வைத்துத் துண்டறிக்கை கொடுத்தார்கள். எழுத்து தெரியாதவர்களுக்குப் படம் போட்ட அறிக்கை. உடை விதியும் இருந்தது: வெள்ளைச் சட்டை, தலைக்கு வெள்ளைத் துணி, நகை கிடையாது, ஒப்பனை கிடையாது. சந்தையில் மீன் விற்கும் பெண்ணும் அதிகாரி வீட்டுப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தால் யார் யாரென்று தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. உட்கார்ந்த இடம் மீன் சந்தையை ஒட்டிய திடல். டெய்லரின் வாகன வரிசை போகும் சாலை அது. தினமும் அவர் பார்த்தாக வேண்டும்.

கோரிக்கை மூன்றே மூன்று. உடனடியான, நிபந்தனையில்லாத போர்நிறுத்தம். பேச்சுவார்த்தை. பன்னாட்டுப் படை வருகை. ‘டெய்லர் பதவி விலக வேண்டும்’ என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லோரும் மனத்தில் நினைத்திருந்தாலும் வாயில் வரவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் திடலில் ஒரு வாரம்கூட இருந்திருக்க முடியாது, எதிர்க்கட்சியின் கிளையாகிவிட்டிருக்கும். உங்கள் பயிற்சியில் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கலாம்: எதைக் கேட்பது என்பதைப் போலவே எதைக் கேட்காமல் விடுவது என்பதும் அங்கே உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு.

ஏப்ரல் 23ல் டெய்லர் அவர்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். மேடையில் இருந்தவர்களில் ஒரே பெண் செனட்டின் தலைவர் கிரேஸ் மைனர். போவீ அறிக்கையை டெய்லரைப் பார்த்து வாசிக்காமல் அந்தப் பெண்ணை விளித்து வாசித்தார். ‘இதை அதிபரிடம் சேர்ப்பியுங்கள்’ என்கிற தோரணை. நேருக்கு நேர் மோதலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. டெய்லர் பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டார். இன்னொரு குழு சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போய் லர்டு தலைவர்களைப் பிடித்தது.

ஜூன் 4ல் கானாவில் பேச்சு தொடங்கியது, முதல் வாரங்கள் அகோசொம்போ நகரில் நடந்தது. அதே நாளில் சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான போர்க்குற்றச்சாட்டை வெளியிட, அவர் அன்றே ஊர் திரும்பினார். ஜூன் 17ல் ஒரு போர்நிறுத்தம் கையெழுத்தாகி, சில நாளிலேயே உடைந்தது. பேச்சு தலைநகர் அக்ராவுக்கு மாறி இழுத்துக்கொண்டே போனது. பிரதிநிதிகளுக்கு நல்ல ஓட்டல், நல்ல சாப்பாடு, யாருக்கு எந்த அமைச்சு என்ற பேரம். ஊரில் எறிகணை.

பெண்கள் காசு திரட்டிச் சிலரை கானாவுக்கு அனுப்பினார்கள். அங்கே புடுபுராம் அகதி முகாமில் இருந்த லைபீரியப் பெண்கள் கூடச் சேர்ந்தார்கள். ஜூலை 21ல் மன்ரோவியாவில் கடும் எறிகணைத் தாக்குதல். அன்றைக்கு இருநூறு பேர் அளவில் மண்டப வாசலில் கை கோத்து உட்கார்ந்துவிட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாதபடி. காவலர்கள் போவீயைக் கைது செய்ய வந்தபோது அவர் தன் உடையைக் களையத் தொடங்கினார். தாய் வயதுப் பெண் தானாகத் துணி களைந்தால் பார்க்கிற ஆணுக்குச் சாபம் என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் ஊறிய நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரிய முன்னாள் ஆட்சியாளர் ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்து பேசினார். எல்லாப் பிரதிநிதிகளும் அமர்வுக்கு ஒழுங்காக வர வேண்டும், வாசலில் உள்ள பெண்களை அவமதித்துப் பேசக் கூடாது என்று பேசி முடித்த பிறகுதான் கை விலகியது.

இதனால் மட்டும் போர் நின்றது என்று சொல்லாதீர்கள். டெய்லர் மேல் குற்றப்பத்திரிகை, லர்டின் முற்றுகை, மரம் விற்று வந்த வருமானத்தின் மேல் ஐ.நா. தடை, ஆகஸ்ட் 4ல் வந்திறங்கிய மேற்கு ஆப்பிரிக்கப் படை, கடலில் நின்ற அமெரிக்கக் கப்பல்கள், எல்லாம் சேர்ந்த நெருக்கடி. ஆகஸ்ட் 11ல் டெய்லர் நைஜீரியாவுக்குப் போனார். பெண்கள் செய்தது, அந்த நெருக்கடியை மண்டபத்துக்குள் கொண்டுபோனது. அதுவே பெரிய வேலை.

இன்னொன்று. தாம்பத்திய மறுப்புப் போராட்டம் என்று செய்தித்தாள்கள் குதித்தன. அதற்கு நடைமுறைப் பலன் பெரிதாக இல்லை, செய்தி வர உதவியது என்று போவீயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பயிற்சியில் யாராவது கேட்பார்கள், தயாராக இருங்கள்.

நெடுவழி

கடலோடி விட்ட இடத்திலிருந்து. ஒப்பந்தத்துக்குப் பிறகு என்ன கிடைத்தது என்பதில் நல்லதும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது.

மண்டபத்துக்கு உள்ளேயும் பெண்கள் இருந்தார்கள். மானோ ஆற்றுப் பெண்கள் அமைதி வலையமைப்பு அதிகாரபூர்வப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டு உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டது. வாசலில் விப்நெட், உள்ளே மானோ ஆற்று அமைப்பு. இரண்டும் ஒன்றில்லை, உரசலும் இருந்தது. ஆனாலும் உடன்படிக்கையைப் பாருங்கள்: இடைக்கால அரசின் அமைச்சுகளில் பெரும்பாலானவை டெய்லர் தரப்பு, லர்டு, மோடெல் என்று ஆயுதம் வைத்திருந்தவர்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டன. அமைதிக்கு அழுத்தம் கொடுப்பதும் அதிகாரப் பங்கு கேட்பதும் வேறு வேறு வேலை, இரண்டாவதற்கு அவர்கள் பிந்திவிட்டார்கள். அமைச்சு, ஆணைக்குழுக்களில் பாதி வேண்டும் என்ற கோரிக்கை வந்தபோது பங்கீடு ஏறக்குறைய முடிந்திருந்தது.

அடுத்தது ஆயுதக் களைவு. 2003 டிசம்பர் 7ல் மன்ரோவியாவுக்கு வெளியே ஷெஃப்லின் முகாமில் தொடங்கினார்கள். எதிர்பார்த்தது ஆயிரம் பேர் அளவில், வந்து குவிந்தது பல ஆயிரம். தங்க இடமில்லை, தண்ணீர் இல்லை, பணம் இன்றே தருவார்கள் என்ற வதந்தி வேறு. கலவரமாகி உயிர்கள் போயின. சில நாளில் நிறுத்திவிட்டு 2004 ஏப்ரலில் திரும்பத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் முகாமுக்கு எப்படி வருவது, எப்போது என்ன கிடைக்கும் என்று போராளிகளுக்கு ஊர் ஊராகப் போய் விளக்கியதில் விப்நெட் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

திட்டக் கணக்கு 38,000 போராளிகள். பதிவானவர்கள் 1,03,000க்கு மேல். சேர்ந்த துப்பாக்கிகளோ 28,000 அளவில். ஏன் இந்த இடைவெளி? ஒரு ஆயுதமோ 150 தோட்டாவோ கொடுத்தால் பதிவு என்பது விதி. பதிந்தவருக்கு 150 டாலர் வீதம் இரண்டு தவணையாக 300 டாலர். தளபதிகள் தோட்டாக்களைப் பிரித்துத் தங்கள் சொந்தக்காரர்கள் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். அதே தளபதிகள் சண்டையிட்ட பெண்களின் துப்பாக்கியைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்ததும் நடந்தது. யார் போராளி என்று சொல்லும் அதிகாரத்தைத் தளபதியிடம் விட்டால் பெண்கள் பட்டியலிலிருந்து விழுவார்கள். எந்த நாட்டுக்கும் இது பொருந்தும்.

லைபீரியாவில் ஒரு நல்ல திருத்தம் செய்தார்கள். சமையல், சுமை தூக்குதல், தளபதிக்கு ‘மனைவி’யாகப் பிடித்து வைக்கப்படுதல் என்று படையோடு இருந்த பெண்கள் ஆயுதம் இல்லாமலே பதியலாம், அவர்களுக்கு முகாமில் தனிப் பகுதி என்று வைத்தார்கள். 22,000க்கு மேற்பட்ட பெண்களும் 2,400 அளவில் சிறுமிகளும் உள்ளே வர முடிந்ததற்கு அதுவும் காரணம். வராமல் போனவர்களும் உண்டு. பெயர் பதிந்தால் ‘படைக்காரி’ என்ற முத்திரை ஊரில் ஒட்டிக்கொள்ளும், கல்யாணம் நடக்காது என்று நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

2005 தேர்தலுக்கு முன் செய்த ஒரு வேலை எனக்கு மிகப் பிடித்தது. சந்தைப் பெண்கள் வாக்காளராகப் பதியாததற்குக் காரணம் அறியாமை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், கடையை விட்டுப் போனால் அன்றைய வருமானம் போய்விடும், பிள்ளையை யாரிடம் விடுவது என்பதுதான் பிரச்சினை. தொண்டர்கள் கடையில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, ‘போய்ப் பதிந்துவிட்டு வாங்க’ என்று அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில்தான் எல்லன் ஜான்சன் சர்லீஃப் என்ற பெண் அதிபராக வென்றார்.

சட்டம்: லைபீரியப் பெண் வழக்கறிஞர் சங்கம் முன்னின்று கொண்டுவந்த திருத்தப்பட்ட வன்புணர்வுச் சட்டம் 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் நிலைக் குற்றத்துக்குப் பிணை கிடையாது. பாலியல் குற்றங்களுக்கென்றே ‘இ’ நீதிமன்றத்தை 2009ல் மன்ரோவியாவில் திறந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தின் ஒரு தவணையில் விசாரித்து முடிந்த வழக்குகள் கையளவு. பிணை இல்லாததால் சிறையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விசாரணையின்றிக் குவிந்தார்கள். வெளியூர்ச் சாட்சி தலைநகருக்கு வரப் பேருந்துக் காசும் தங்குமிடமும் இல்லாமல் வழக்கு தேங்கியது. அதற்குள் இரு குடும்பமும் காசு கைமாற்றி ‘வீட்டோடு முடித்துக்கொள்வது’ நடந்துவிடும். கடுமையான சட்டம் எழுதியவர்கள் சாட்சியின் பேருந்துக் காசை எழுதவில்லை.

இந்தியர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். ஐ.நா. வரலாற்றில் முதல் முழுப் பெண்கள் காவல் பிரிவு 2007ல் லைபீரியாவுக்குப் போன நம் மத்திய ரிசர்வ் காவல்படை (சி.ஆர்.பி.எஃப்.) பிரிவுதான், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். 2016 வரை ஆள் மாறி மாறி இருந்தார்கள். அந்தக் காலத்தில் லைபீரியக் காவல்துறையில் பெண்கள் 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக உயர்ந்ததாக ஐ.நா. சொல்கிறது. எல்லாப் பெருமையையும் அவர்களுக்கே கொடுப்பது மிகை. அவர்கள் வேலை காவலும் இரவு ரோந்தும், புலனாய்வு இல்லை. பெண் வந்து முறையிட்டால் வழக்கை எடுக்க வேண்டியது உள்ளூர் காவல்நிலையம்தான்.

பழையபதிவு

தாமரைக்கேணி, உங்கட ஆக்களுக்கு லைபீரியாவோட சேர்த்து ஒரு கிளிநொச்சி விசயத்தையும் சொல்லுங்கோ. அதே 2003தான்.

2002 டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த சமாதானப் பேச்சின் மூன்றாம் சுற்றில், அரசும் புலிகளும் பெண்கள் விவகாரங்களுக்கான உபகுழு ஒன்றை அமைக்க இணங்கினவை. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பெண்கள். அரச தரப்புக்கு வரலாற்றறிஞர் குமாரி ஜெயவர்த்தன, புலிகள் தரப்புக்கு மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழினி, அனுசரணையாளராக நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபேர்க். முதல் சந்திப்பு 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் நடந்தது. மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் எல்லாம் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நல்ல நிரல்தான். ஏப்ரல் 21ல் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினவுடன் உபகுழுவும் படுத்துவிட்டது.

ஏன் என்று பாருங்கோ. அந்தப் பத்துப் பேரையும் நியமிச்சது இரண்டு தரப்பும்தான். அறிக்கை போக வேண்டியது பிரதான மேசைக்கு. அந்த மேசையில் முதன்மைப் பேச்சாளர் வரிசையில் பெண் இல்லை. தரப்புகள் எழும்பிப் போனால் உபகுழுவுக்குத் தனியாக நிற்க ஒரு கால் இல்லை. லைபீரியாவில் டெய்லர் எழும்பிப் போன அன்றும் வாசலில் இருந்த பெண்கள் வாசலிலேயே இருந்தவை, ஏனெண்டால் அவையை ஒருத்தரும் நியமிக்கேல்லை.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கு, கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் மோதல் நடந்த வட அயர்லாந்து. 1996 மே 30ல் பேச்சுவார்த்தைக்கான ஆட்களைத் தேர்தலில் தெரிஞ்சவை. மாகாணம் முழுக்க எடுத்த வாக்கில் முதல் பத்து இடத்துக்குள் வரும் கட்சிக்கெல்லாம் குறைந்தது இரண்டு ஆசனம் என்ற விதி. பெண்கள் கூட்டணி என்ற கட்சி தேர்தலுக்கு ஆறு கிழமைக்கு முன்னால்தான் உருவானது. அந்த விதியை வாசிச்சு, 70 வேட்பாளரை நிறுத்தி, எங்கையும் வெல்லாமல் அங்கொன்று இங்கொன்றாக வாக்குச் சேர்த்து ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கூட எடுத்து உள்ளே போயிட்டினம். உள்ளே போன இரண்டு பேர்: கத்தோலிக்கரில் ஒருவர் மொனிக்கா மக்வில்லியம்ஸ், புரட்டஸ்தாந்தரில் ஒருவர் பேர்ள் சேகர். அந்தப் பேச்சில் வந்த 1998 பெரிய வெள்ளி உடன்படிக்கையில் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை, பிள்ளைகள் கலந்து படிக்கும் பள்ளி, குடிமக்கள் மன்றம் பற்றிய வரிகள் இருப்பதில் அவையின்ர கை இருக்கு. குடிமக்கள் மன்றம் 2002ல் சட்டசபை இடைநிறுத்தப்பட்டதோட நின்றது, பிறகு கூடவேயில்லை. எழுதி வைச்சதும் நிலைக்கும் என்று இல்லை.

செவ்வந்தி

பாதுகாப்புப் பகுதிக்கு நான் சொல்கிறேன். கிராமச் சங்கம் கையில் எடுக்கக்கூடியது மூன்று: முகாமின் அமைப்பு, முதல் 72 மணி நேரம், வாக்குமூலம்.

இடம்பெயர்ந்தோர் முகாமில் பெண்ணுக்கு ஆபத்து அதிகம் நேரும் இடங்கள் கழிப்பறை, குளிக்கும் இடம், தண்ணீர்க் குழாய், விறகுக் காடு. நிவாரண வேலைக்கான பன்னாட்டுக் குறைந்தபட்சத் தரமான ஸ்பியர் அளவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். கழிப்பறை 20 பேருக்கு ஒன்று, அவசரத் தொடக்கத்தில் மட்டும் 50 பேருக்கு ஒன்று. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. குடிலிலிருந்து 50 மீட்டருக்குள். குழாய் 250 பேருக்கு ஒன்று, 500 மீட்டருக்குள். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 2009ல் செட்டிகுளம் மெனிக் ஃபார்மில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருந்தபோது இவற்றில் எது இருந்தது, எது இல்லை என்று உங்கள் ஆட்களுக்கே தெரியும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்காது. சுவர் தார்ப்பாலின் என்றால் விளக்கு வைத்தபின் உள்ளே நிற்பவரின் நிழல் வெளியே தெரியும், அதனால் பெண்கள் இருட்டிலேயே போவார்கள். விளக்கைக் கழிப்பறை வாசலில் மட்டும் போட்டுவிட்டுப் பாதையை இருட்டில் விடுவார்கள். ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் ஒரே வாசல் வழியாக இருக்கும். மாதவிலக்குத் துணி காயப்போட மறைவிடம் இருக்காது. கட்டி முடித்தபின் மாற்ற மாட்டார்கள். எனவே குழி வெட்டுமுன் பெண்களோடு நடந்து இடம் குறிக்க வேண்டும் என்பதுதான் சங்கம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை.

விறகு கொஞ்சம் சிக்கலானது. கென்யாவின் தடாப் முகாம்களில் 1990களின் இறுதியில் விறகைக் காசு கொடுத்து வாங்கி வீடுகளுக்குக் கொடுத்தார்கள். விறகு பொறுக்கப் போகும்போது நடந்த வன்புணர்வு குறைந்தது, முகாமைச் சுற்றிய வேறு இடங்களில் கூடியது. கொள்ளையர்கள் இருக்கும்வரை இடம்தான் மாறியது. சூடானின் டார்ஃபூரில் படையினர் துணைக்குப் போகும் விறகு ரோந்து வைத்தார்கள். சொன்ன நேரத்துக்கு ரோந்து வராது, காத்திருந்தால் வெயில் ஏறிவிடும், பெண்கள் தனியாகவே கிளம்பிவிடுவார்கள். நாளும் நேரமும் பாதையும் முன்கூட்டியே பெண்களோடு பேசி முடிவாக வேண்டும். பெண் காவலர் ஒருவர், மொழி தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். இல்லாவிட்டால் ரோந்துக்காரரே பயமாகிப் போவார்.

அடுத்து 72 மணி நேரம். பாலியல் வன்முறை நடந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் ஒரே வேளை, 120 மணி நேரம் வரை கொடுக்கலாம், ஆனால் நேரம் போகப் போகப் பலன் குறையும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 14 நாளுக்குள். பால்வினைத் தொற்றுக்கு மருந்து, காயம் இருந்தால் ஏற்புவலி ஊசி. 28 நாள் மருந்து பாதியில் நின்றுபோக இரண்டு காரணம்: குமட்டல், வீட்டில் மாத்திரையை ஒளிக்க இடமில்லாதது. சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்லலாம். மாத்திரையை வேறு பாட்டிலில் மாற்றித் தர முடியுமா என்று கேட்கலாம்.

போலீஸில் எழுதினால்தான் மருந்து என்று யாராவது சொன்னால் அது தவறு, சிகிச்சை முதலில். காயம் இல்லை என்ற மருத்துவக் குறிப்புக்கு வன்புணர்வு நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, இதையும் சங்கத்தார் அறிந்திருக்க வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படை எதுவும் கிடையாது, மறுக்கலாம். இலங்கையில் பெரிய அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் இருக்கிறது, பெண்களுக்கான உதவி எண் 1938. பயிற்சிக்கு முன் உங்கள் மாவட்ட நட்பு நிலையம் எந்த நேரம் திறந்திருக்கும், இரவில் யாரைக் கூப்பிடுவது என்று நேரில் போய்க் கேட்டுக் குறித்து வையுங்கள். காகிதத்தில் இருக்கும் எண்ணை நம்பி ஒரு பெண்ணை அனுப்பாதீர்கள்.

தாமரைக்கேணி

எல்லாருக்கும் மிக்க நன்றி. செவ்வந்தி அக்கா, வாக்குமூலம் என்று சொல்லிவிட்டு விட்டிட்டீங்கள். எங்கட சங்கங்களில் இதுதான் அடிக்கடி நடக்கும். ஒரு பெண் வந்து பழைய சம்பவத்தைச் சொல்லுவா, பொறுப்பாளர் உடனே கொப்பியை எடுத்து எழுதத் தொடங்குவா. சரியோ?

செவ்வந்தி

கொப்பியை மூடச் சொல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியது ‘இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, வைத்தியம் வேண்டுமா’ என்பது மட்டும். என்ன நடந்தது என்று சங்கம் துருவக் கூடாது.

காரணம் நடைமுறையானது. ஒரே பெண்ணிடம் சங்கம் ஒரு முறை, தொண்டு நிறுவனம் ஒரு முறை, ஊடகம் ஒரு முறை, சட்டத்தரணி ஒரு முறை என்று வாங்கினால் ஒவ்வொன்றிலும் நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சம் மாறும். மனித நினைவு அப்படித்தான். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நான்கையும் மேசையில் வைத்து ‘எது உண்மை’ என்று கேட்பார். சங்கத்தின் நல்லெண்ணக் கொப்பியே வழக்கை உடைக்கும். இரண்டாவது, அந்தக் கொப்பியை யார் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டிய நிலை வரலாம்.

விரிவான வாக்குமூலம் பயிற்சி பெற்றவர் ஒரே தடவை எடுக்கட்டும். அதற்கு முன் அனுப்பி வைக்க வைத்தியரும் உளவளத்துணையாளரும் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் இல்லையென்றால் வாக்குமூலமும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் சொந்தக்காரரோ அதே கிராமத்தவரோ ஆகக் கூடாது. சம்மதத்தை மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: பதிவு செய்யலாமா, இன்னாருக்குக் கொடுக்கலாமா, பெயரின்றி வெளியிடலாமா. ஒன்றுக்குச் சரி என்றால் மற்றதற்கும் சரி என்று எடுக்கக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கலாம் என்றும் சொல்ல வேண்டும். ‘நீதி கிடைக்கும்’, ‘நட்டஈடு வரும்’ என்று வாக்குக் கொடுக்கவே கூடாது.

சங்கம் வைத்திருக்கக்கூடியது ஒரு சிறு பதிவு: குறியீட்டு எண், வந்த தேதி, எங்கே அனுப்பினோம், போய்ச் சேர்ந்தாரா. பெயர் எந்த எண்ணுக்கு உரியது என்ற தாள் வேறு ஆளிடம், வேறு இடத்தில். கைபேசியில் படம் எடுத்தால் அது தானாகவே கூகுள் கணக்குக்கு ஏறிவிடலாம், வீட்டில் பிள்ளைகள் அதே கணக்கைத் திறப்பார்கள். எனவே படமே வேண்டாம்.

நெடுவழி

லைபீரியாவில் இதற்கு ஒத்த ஏற்பாடு ‘அமைதிக் குடில்’. ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காணித் தகராறு, குடும்பச் சண்டை, ஜீவனாம்சம் போன்றவற்றைப் பேசி முடிப்பார்கள். வன்புணர்வு வந்தால் பேசி முடிக்கக் கூடாது, காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டும் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அந்த எல்லை தளரும் இடங்களில் குடிலே சமரசப் பஞ்சாயத்தாகிவிடுகிறது. உங்கள் சங்கங்களிலும் எதைப் பேசி முடிக்கலாம், எதைக் கையால் தொடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கடலோடி

நேர ஒதுக்கீடு பற்றி ஒரு யோசனை. லைபீரியாக் கதைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். பிறகு குழுக் குழுவாகப் பிரித்து ஒரு வேலை கொடுங்கள்: ‘உங்கள் மூன்று கோரிக்கை என்ன, அதில் சேர்க்காமல் விடும் நாலாவது எது, ஏன் விடுகிறீர்கள்?’ ஒரு மணி நேரம் அதற்கே போகும், சண்டையும் வரும், வரட்டும். மீதி நேரத்தைச் செவ்வந்தி சொன்னதற்குக் கொடுங்கள். பெரிய தாளில் முகாம் வரைபடம் ஒன்று வரையச் சொல்லி, இரவு ஒன்பது மணிக்கு எந்தெந்த இடத்துக்குத் தனியாகப் போக மாட்டீர்கள் என்று சிவப்புப் பேனாவால் குறிக்கச் சொன்னால் போதும். கழிப்பறை எண்ணிக்கையை அதன் பிறகு சொல்லுங்கள், முன்னால் சொன்னால் எல்லோரும் எண்ணை எழுதிக்கொண்டு வரைபடத்தை மறந்துவிடுவார்கள்.